மானிட்டரின் கேபிளைக் கழற்றும் முன் சிஸ்டரிடம் பேசுங்கள்

கேள்வி: தென்மாவட்ட நகரம் ஒன்றில் 150 படுக்கைகள் கொண்ட தனியார் மருத்துவமனையில் பயோமெடிக்கல் இன்ஜினியராக இருக்கிறேன். எங்கள் ஐ.சி.யூ. மானிட்டர்கள் எல்லாம் நர்ஸ் மேசையில் உள்ள சென்ட்ரல் ஸ்டேஷனோடு நெட்வொர்க்கில் இணைந்திருக்கின்றன. கான்டெக் சி.எம்.எஸ். 8000 என்ற மானிட்டரில் பாதுகாப்பு ஓட்டை இருப்பதாகப் படித்தேன். எங்களிடம் வேறு பெயர் ஸ்டிக்கரோடு இருக்கும் நான்கு மானிட்டர்கள் அச்சு அசலாக அதே போல இருக்கின்றன. சி.டி. ஸ்கேன் கன்சோல் இன்னும் விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. ஆன்டிவைரஸ் போட்டால் ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) செல்லாது என்கிறார் கம்பெனி சர்வீஸ் இன்ஜினியர். டாக்டர்கள் வீட்டிலிருந்தே மொபைலில் மானிட்டரைப் பார்க்க வசதி செய்யச் சொல்கிறார் நிர்வாக இயக்குநரான எம்.டி. நான் பயத்தைச் சொன்னால், "நம்ம ஊர் ஆஸ்பத்திரியை எவன் வந்து ஹேக் பண்ணப் போறான்?" என்று கேட்கிறார். அந்த மானிட்டர்களை உடனே கழற்றிவிடலாமா? பெரிய பட்ஜெட் இல்லாமல் எதிலிருந்து தொடங்குவது? வெளியே யாரிடமாவது சொன்னால் எனக்குச் சிக்கல் வருமா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

முதலில் அந்த நான்கு மானிட்டர்கள். அவற்றை நோயாளியிடமிருந்து கழற்ற வேண்டாம், நெட்வொர்க்கிலிருந்து கழற்றுங்கள். அதையும் நீங்களாகப் போய்ச் செய்துவிடாமல், ஐ.சி.யூ. இன்சார்ஜ் சிஸ்டரோடும் டியூட்டி டாக்டரோடும் உட்கார்ந்து பேசிவிட்டுச் செய்யுங்கள்.

நீங்கள் படித்த செய்தி இதுதான். 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசாவும், மருந்து, மருத்துவக் கருவிகளைக் கட்டுப்படுத்தும் எஃப்.டி.ஏ.வும் ஒரே நாளில் எச்சரிக்கை விட்டன. சீன நிறுவனமான கான்டெக்கின் சி.எம்.எஸ். 8000 மானிட்டரில் மூன்று குறைகள். கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேருக்குள் ஒரு ஐ.பி. முகவரி, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கணினியைக் குறிக்கும் எண், நிரந்தரமாக எழுதப்பட்டிருக்கிறது. நோயாளியை இணைத்ததும் அவருடைய விவரங்கள் மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் அந்த முகவரிக்குப் போகின்றன. அதே முகவரியிலிருந்து கோப்புகளை எடுத்துத் தன் மேலேயே எழுதிக்கொள்ளும் வேலையும் அந்த மானிட்டருக்குள் இருக்கிறது. வருவது சரியான கோப்புதானா என்று அது பார்ப்பதில்லை. மூன்றாவதாக, குறிப்பிட்ட விதத்தில் செய்த தகவல் பொட்டலத்தை அனுப்பினால் வெளியாள் ஒருவர் தன் கட்டளைகளையே அதில் ஓடவிட முடியும். அப்படி நடந்தால் திரையில் தெரியும் இதயத்துடிப்பும் ஆக்ஸிஜன் அளவும் உண்மையா என்றே சொல்ல முடியாது. இதனால் யாருக்கும் பாதிப்பு ஏற்பட்டதாகத் தங்களுக்குத் தகவல் இல்லை என்பதையும் எஃப்.டி.ஏ. அப்போதே தெளிவாகச் சொன்னது.

இது வேண்டுமென்றே வைத்த பின்கதவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கிளாரோட்டி என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதே ஃபர்ம்வேரைப் பிரித்துப் பார்த்தார்கள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு வைக்க வேண்டிய முகவரியாக அந்த எண் நிறுவனத்தின் கையேட்டிலேயே அச்சாகியிருப்பதைச் சுட்டிக்காட்டி, சதியைவிட அஜாக்கிரதையான வடிவமைப்பாகவே இது தெரிகிறது என்றார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆனால் உங்கள் வார்டுக்கு இரண்டும் ஒன்றுதான். அந்த முகவரி இணையத்தில் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது, மானிட்டருக்கு இணையம் கிடைத்தால் தகவல் போகும்.

எஃப்.டி.ஏ. சொன்ன வழி: படுக்கையருகில் மட்டும் பார்க்கும் மானிட்டர் என்றால் லேன் கேபிளைக் கழற்றி, வைஃபையை அணைத்துவிட்டுப் பயன்படுத்தலாம். வைஃபையை அணைக்க முடியாவிட்டாலும், தொலைவிலிருந்து கண்காணிப்பதை நம்பியே அந்த மானிட்டர் இருந்தாலும் பயன்பாட்டையே நிறுத்த வேண்டும்.

நீங்கள் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். உங்கள் ஐ.சி.யூ. சென்ட்ரல் ஸ்டேஷனை நம்பி ஓடுகிறது. ராத்திரி ஷிஃப்டில் ஒரு சிஸ்டர் நான்கு படுக்கை பார்க்கிறார் என்று வையுங்கள். கேபிளைக் கழற்றிய பிறகு மூலைப் படுக்கையில் அடிக்கும் அலாரம் மேசையில் கேட்காது. அவர் வேறொரு நோயாளிக்கு சக்‌ஷன் செய்துகொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நிமிடம் போதும், ஓர் உயிர் போக. பாதுகாப்பு என்ற பெயரில் செய்த வேலையால் நோயாளி சாகக் கூடாது. கணினி ஆட்கள் சொல்லும் ஆலோசனையில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்தக் கணக்குதான். அதனால்தான் சிஸ்டரிடம் முதலில் பேசச் சொன்னேன்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். அந்த நான்கையும் ஐ.சி.யூ.விலிருந்து எடுத்து ரெக்கவரி அறை, டயாலிசிஸ், டே கேர் என ஆள் பக்கத்திலேயே இருக்கும் இடங்களுக்கு மாற்றுங்கள். அங்கே இருக்கும் வேறு கம்பெனி மானிட்டர்களை ஐ.சி.யூ.வுக்குக் கொண்டு வாருங்கள். மாற்றிய இடத்தில் அலாரம் சத்தத்தைக் கூட்டி, "இது சென்ட்ரலில் தெரியாது" என்று மானிட்டர் மேலேயே எழுதி ஒட்டுங்கள். ஷிஃப்ட் மாறும்போது அதைச் சொல்லியே கைமாற்ற வேண்டும். மாற்ற வேறு மானிட்டரே இல்லையென்றால், ஐ.சி.யூ. மானிட்டர்களையும் சென்ட்ரல் ஸ்டேஷனையும் மட்டும் ஒரு தனி ஸ்விட்சில் போட்டு, அந்த ஸ்விட்சிலிருந்து வேறெங்கும் ஒரு கேபிள்கூடப் போகாதபடி செய்யுங்கள். எஃப்.டி.ஏ. சொன்னதைவிட இது தளர்வான ஏற்பாடு. புது மானிட்டர் வரும் வரைக்கும் மட்டும்தான், அதற்கும் ஐ.சி.யூ. பொறுப்பு டாக்டரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்.

உங்களுடையது உண்மையிலேயே அதே கருவிதானா என்பதை ஸ்டிக்கர் சொல்லாது. எப்ஸிமெட் எம்.என். 120 என்ற பெயரிலும் இதே மானிட்டர் விற்கப்பட்டது. ஆன் செய்யும்போது வரும் முதல் திரை, பின்பக்கத் தகடு, கையேட்டின் கடைசிப் பக்கம் ஆகியவற்றைப் பாருங்கள். இறக்குமதியான மருத்துவக் கருவியின் லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்க வேண்டும் என்பது 2017-ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளில் உள்ளது. அந்த இறக்குமதியாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, அசல் தயாரிப்பாளர் யார், அசல் மாடல் எது, எந்த ஃபர்ம்வேர் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அதையும் கோப்பில் வையுங்கள். இதற்கிடையில் உங்கள் ஐ.டி. தம்பியிடம் சொல்லி, அந்த மானிட்டர்களின் முகவரியிலிருந்து ஏதாவது இணையத்துக்குப் போக முயல்கிறதா என்று ரௌட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பேஷன்ட் மானிட்டர் இணையத்தோடு பேச எந்தக் காரணமும் இல்லை. எல்லா மானிட்டருக்கும் வெளியே போகும் வழியை அவர் ரௌட்டரிலேயே அடைத்துவிடலாம், செலவு ஒன்றும் இல்லை.

அப்புறம் உங்கள் எம்.டி.யின் கேள்வி. அது நியாயமான கேள்விதான், அதற்கு நேரான பதிலும் உண்டு. 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். மருத்துவமனைகளை முடக்கியபோது யாரும் அந்த மருத்துவமனைகளைக் குறிவைக்கவில்லை. அது தானாகப் பரவும் புழு, திறந்திருந்த எல்லாக் கணினிக்குள்ளும் நுழைந்தது. பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலக அறிக்கைப்படி இங்கிலாந்தில் மருத்துவமனைகளை நடத்தும் 236 டிரஸ்ட்களில் குறைந்தது 81 பாதிக்கப்பட்டன, 1,220 பரிசோதனைக் கருவிகளுக்குள் அது புகுந்திருந்தது. தொற்றிவிடுமோ என்ற பயத்தில் கழற்றி வைத்த கருவிகள் இந்தக் கணக்கில் இல்லை. இத்தனைக்கும் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. நம் நாட்டில் 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, பல நாட்கள் எல்லாமே பேப்பரில் நடந்ததை எம்.டி.யும் படித்திருப்பார்.

உள்ளே இருக்கும் ஆள் செய்ததும் உண்டு. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஒரு கிளினிக் கட்டடத்தில் இரவுக் காவலாளியாக இருந்தவர், 2009-இல் அந்தக் கட்டடத்தின் ஏ.சி.யைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள் தன் மென்பொருளைப் போட்டு வைத்தார். டெக்சஸ் வெயிலில் ஏ.சி.யை நிறுத்தினால் மருந்துகளும் கெடும், நோயாளிகளும் பாதிக்கப்படுவார்கள். பிடிபட்ட அவருக்கு 2011-இல் 110 மாத சிறைத் தண்டனை கிடைத்தது. அவருக்குத் தேவைப்பட்டதெல்லாம் சாவிக்கொத்தும், ஆளில்லாத ராத்திரியும்தான். உங்கள் ஏ.சி. பிளான்ட், ஆக்ஸிஜன் மேனிஃபோல்டு அலாரம், பிளட் பேங்க் ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவு ஆகியவை எந்தக் கணினியில் ஓடுகின்றன, அந்த அறைப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒரு முறை பாருங்கள். அவை "மெயின்டனன்ஸ் சமாச்சாரம்" என்று பயோமெடிக்கல் பட்டியலில் வருவதே இல்லை.

சி.டி. கன்சோலுக்கு வருவோம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-உடன் முடிந்தது. ஒரு சி.டி. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடும், அதற்குள் இருக்கும் விண்டோஸின் ஆயுள் அதைவிடக் குறைவு. இதற்கு நீங்களும் காரணமில்லை, அந்த சர்வீஸ் இன்ஜினியரும் காரணமில்லை. ஆன்டிவைரஸ் பற்றி அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஸ்கேன் ஓடும் நடுவில் ஆன்டிவைரஸ் ஒரு கோப்பைப் பூட்டிவிட்டால், கான்ட்ராஸ்ட் ஏற்றிய நோயாளி மேசையில் கிடக்க ஸ்கேன் நின்றுபோகலாம். ஆகவே அவரோடு மல்லுக்கு நிற்காமல் வேறு மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அனுமதித்த நிரல்கள் தவிர வேறெதுவும் ஓடாதபடி பூட்டும் வசதியை அந்த மாடலுக்கு அவர்கள் கம்பெனி தருகிறதா? இப்போது நன்றாக ஓடும் நிலையில் ஹார்ட் டிஸ்கின் முழு இமேஜை எடுத்துத் தர முடியுமா? கன்சோல் வேலை செய்ய எந்தெந்தக் கணினியோடு, எந்தப் போர்ட்டில் (தகவல் போய்வரும் எண்ணிட்ட வாசலில்) பேச வேண்டும்?

மூன்றாவது கேள்விக்கான பதில்தான் உங்கள் ஆயுதம். சி.டி. பேச வேண்டியது படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வரோடும், நோயாளிகளின் பட்டியலைத் தரும் வொர்க்லிஸ்டோடும், ஃபிலிம் பிரின்டரோடும்தான். அது தவிர எல்லா வழியையும் ஒரு சின்ன ஃபயர்வாலில் அடைத்துவிடலாம். வான்னாக்ரை புகுந்தது 445 என்ற கோப்புப் பகிர்வுப் போர்ட் வழியாக. பில்லிங் கவுன்டர் கணினியிலிருந்து சி.டி.யின் அந்தப் போர்ட்டை எட்ட முடியாது என்றால், பில்லிங்கில் வைரஸ் வந்தாலும் சி.டி. பிழைக்கும். இப்போது உங்கள் நெட்வொர்க் ஒரே வாசல் கொண்ட ஒண்டுக்குடித்தனம் மாதிரி இருக்கிறது. ஒரு வீட்டுக்கு வந்தவன் எல்லார் கதவையும் தட்டலாம். மேனேஜ்டு ஸ்விட்ச் ஏற்கெனவே இருந்தால் கருவிகள், அலுவலகம், நோயாளிகளின் வைஃபை என்று தனித்தனி வி-லேன் (ஒரே ஸ்விட்சுக்குள் ஒன்றையொன்று எட்டாத நெட்வொர்க்) பிரிப்பது உங்கள் ஐ.டி. தம்பியின் சில நாள் வேலை. இல்லாவிட்டால் ஸ்விட்சும் ஒரு ஃபயர்வாலும் வாங்க வேண்டியிருக்கும். உங்களுக்குக் கிடைக்கும் பணத்தில் முதல் ரூபாய் இதற்கே போகட்டும்.

வேறு எதைவிடவும் நான் அதிகம் கவலைப்படுவது கம்பெனி தொலைவிலிருந்தே பழுது பார்க்கும் ரிமோட் சப்போர்ட்டுக்காகத் திறந்து வைத்த கதவைப் பற்றித்தான். நம் ஊர் மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ., லேப் அனலைசர் என எந்தக் கன்சோலைத் திறந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்று இருபத்து நான்கு மணி நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பாஸ்வேர்டு கன்சோல் திரையின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், அல்லது அந்தக் கம்பெனியின் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே பாஸ்வேர்டாக இருக்கும். வேலையை விட்டுப் போன சர்வீஸ் இன்ஜினியருக்கும் அது மனப்பாடம். இதை நிறுத்த நீங்கள் யாரிடமும் பணம் கேட்க வேண்டாம். சர்வீஸ் கால் வரும்போது மட்டும் அந்த மென்பொருளைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடி, நேரத்தை லாக் புக்கில் எழுதுங்கள். பாஸ்வேர்டை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். "அவசரத்துக்கு உதவ முடியாதே" என்பார்கள். ரேடியாலஜியில் எந்நேரமும் ஒரு டெக்னீசியன் இருக்கிறார், திறந்துவிட அவருக்கு ஒரு நிமிடம் ஆகும். பென் டிரைவையும் இதே கண்டிப்போடு பாருங்கள். சர்வீஸ் இன்ஜினியர் கொண்டு வருவது முந்தின நாள் இன்னொரு மருத்துவமனையில் செருகப்பட்டது.

மொபைலில் மானிட்டர் பார்க்கும் யோசனைக்கு இப்போதைக்கு முடியாது என்றே சொல்லுங்கள். செலவில்லாமல் செய்வதென்றால் ரௌட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் போடுவார்கள், அதாவது வெளியிலிருந்து வருவதை நேரே உள்ளே விடும் வழி. அதற்குப் பிறகு உங்கள் சென்ட்ரல் ஸ்டேஷன் உலகத்துக்கே திறந்த திண்ணை. வி.பி.என். என்ற மறைகுறியாக்கிய தனி வழி, இரண்டு கட்ட லாகின், பார்க்க மட்டும் முடியும் மாற்ற முடியாது என்ற அமைப்பு, இவை மூன்றுக்கும் பணம் ஒதுக்கினால் பிறகு பேசலாம்.

சிரிஞ்ச் பம்புகளைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. நெட்வொர்க்கில் இல்லாத சாதா பம்புகள் என்றால் நிம்மதி. நெட்வொர்க்கில் இருந்தால் கவனம் வேண்டும். 2015 ஜூலையில் ஹாஸ்பிரா சிம்பிக் பம்பைப் பயன்படுத்துவதை நிறுத்தும்படி எஃப்.டி.ஏ. சொன்னதற்குக் காரணமே மருத்துவமனை நெட்வொர்க் வழியாக வெளியாள் மருந்தின் அளவை மாற்ற முடியும் என்பதுதான். 2021-இல் மெக்காஃபி ஆய்வாளர்கள் பி. பிரவுன் இன்ஃபியூசோமேட் ஸ்பேஸ் பம்பில் ஐந்து குறைகளைக் கோத்து, பம்ப் ஓய்வில் இருக்கும்போது அமைப்பை மாற்றி, அடுத்த முறை தவறான அளவு மருந்து போகும்படி செய்ய முடியும் என்று காட்டினார்கள். அந்த நிறுவனத்தின் புதிய பதிப்புகளில் அவை சரிசெய்யப்பட்டன. ஆகவே உங்கள் பம்புகளின் பதிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். பழைய பம்பைக் கழித்து விற்கும்போதும் எச்சரிக்கை. பேக்ஸ்டர் சிக்மா ஸ்பெக்ட்ரம் பம்பின் பேட்டரியிலேயே மருத்துவமனையின் வைஃபை பாஸ்வேர்டு தங்கிவிடுவதை 2022-இல் ராபிட் 7 நிறுவனம் கண்டுபிடித்தது.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். மென்பொருள் எதுவும் வாங்க வேண்டாம், ஒரு நோட்டோடு எல்லா மாடியும் ஏறி இறங்குங்கள். கருவியின் பெயர், மாடல், மென்பொருள் பதிப்பு, லேன் கேபிள் எங்கே போகிறது, வைஃபை உண்டா, பாஸ்வேர்டு கம்பெனி தந்ததுதானா, ரிமோட் மென்பொருள் உண்டா, இது நின்றால் எத்தனை நேரத்தில் நோயாளிக்கு ஆபத்து. கடைசிக் கேள்விக்கான பதிலை மட்டும் நீங்கள் எழுதாமல் வார்டு சிஸ்டரிடம் கேட்டு எழுதுங்கள். அந்தப் பதில்களை வைத்து வரிசைப்படுத்தினால் எந்தக் கருவியை முதலில் கவனிப்பது என்று தெரிந்துவிடும். உங்களிடம் காற்றழுத்தத்தால் பொருள்களை மாடிக்கு மாடி அனுப்பும் நியூமேட்டிக் டியூப் இருந்தால் அதையும் சேருங்கள். 2021 ஆகஸ்டில் ஆர்மிஸ் நிறுவனம் ஸ்விஸ்லாக் டிரான்ஸ்லாஜிக் டியூப் அமைப்பில் ஒன்பது குறைகளை வெளியிட்டது. மாற்றவே முடியாதபடி உள்ளே எழுதிய பாஸ்வேர்டு, கையொப்பம் சரிபார்க்காமல் ஏற்றுக்கொள்ளும் ஃபர்ம்வேர் எல்லாம் அதில் இருந்தன. ரத்தப் பையும் லேப் சாம்பிளும் அந்தக் குழாயில்தான் போகின்றன. அது நின்றால் சாம்பிளைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட ஆள் இருக்கிறதா என்பதையும் அதே நோட்டில் எழுதுங்கள்.

வெளியே சொல்வது பற்றி. கருவியில் புதிதாக ஒரு குறையைக் கண்டதாக நினைத்தால், முதலில் நிர்வாகத்துக்கு எழுத்தில், பிறகு நிர்வாகத்தின் பெயரில் தயாரிப்பாளருக்கும், இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும். குறைகளைப் பெற்றுத் தயாரிப்பாளரோடு பேசி ஒருங்கிணைப்பது செர்ட்-இன் செய்யும் வேலைகளில் ஒன்று. தாக்குதலே நடந்துவிட்டால், 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், இது எம்.டி.யின் சட்டக் கடமை. கருவிக் கோளாறால் நோயாளிக்குப் பாதிப்பு என்றால், காஸியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும், மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைக் கண்காணிக்கும் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டத்துக்கும் எழுதுங்கள். இப்படி முறையாகப் போனால் உங்களுக்குச் சிக்கல் வராது. சிக்கல் வருவது அனுமதி இல்லாமல் சோதித்துப் பார்த்தால். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகள் நல்லெண்ணத்தோடு செய்தவரையும் இழுக்கக்கூடும். நோயாளியோடு இணைந்த கருவியில் ஓட்டை தேடும் எந்த ஸ்கேனர் மென்பொருளையும் ஓடவிடவே கூடாது. பழைய கருவிகள் சாதாரண போர்ட் ஸ்கேனுக்கே உறைந்துபோகக்கூடும்.

எம்.டி.யிடம் போகும்போது ஹேக்கர் என்ற சொல்லையே எடுக்காதீர்கள். "நெட்வொர்க் ஒரு நாள் முழுக்க நின்றால் ஐ.சி.யூ., லேப், சி.டி. மூன்றும் எப்படி ஓடும்?" என்று கேளுங்கள். அவர் டாக்டர், அந்தக் கேள்வியின் கனம் அவருக்கு உடனே புரியும். கூடவே உங்கள் நோட்டிலிருந்து ஒரே ஒரு பக்கம் கொடுங்கள்.

இன்னொன்று, ஏ.எம்.சி. புதுப்பிக்கும் தேதிகளை இப்போதே எடுத்து வையுங்கள். உங்கள் பேச்சுக்குக் கம்பெனி காது கொடுக்கும் ஒரே நேரம் அதுதான். பாதுகாப்புத் திருத்தம் வந்தால் எத்தனை நாளில் போட்டுத் தருவார்கள், எந்தத் தேதி வரை திருத்தம் கிடைக்கும், ரிமோட் இணைப்பு எங்கள் அனுமதியோடு மட்டும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். புதுக் கருவி வாங்கும்போது எம்.டி.எஸ். 2 என்ற பாதுகாப்பு விவரப் படிவத்தையும், உள்ளே இருக்கும் மென்பொருள் பாகங்களின் பட்டியலையும் கொட்டேஷனோடு கேளுங்கள். இணையத்தோடு இணையக்கூடிய புதிய கருவிக்கு அமெரிக்காவில் அனுமதி கேட்பவர்கள் 2023 மார்ச் 29 முதல் அந்தப் பட்டியலை எஃப்.டி.ஏ.விடம் கொடுத்தாக வேண்டும். அதனால் அங்கே அண்மையில் அனுமதி பெற்ற மாடலை உங்களுக்கு விற்க வருபவர் அப்படி ஒன்று இல்லை என்று சொன்னால், அவருடைய மேலதிகாரிக்கு எழுதுங்கள்.